வா என்றால் போகிறான்

வா என்றுதான் சொல்கிறார். அதில் கோமளாவுக்குச் சந்தேகம் இல்லை. யாரைச் சொல்கிறார் என்பதுதான் இத்தனை நாளாகப் பிடிபடவில்லை. முறத்தில் முருங்கைக்கீரை, மடியில் துண்டு, மிக்ஸியின்மேல் சாய்த்து வைத்த போனுக்குள் அமெரிக்காவில் எங்கோ ஒரு ஊரில் முந்தின நாள் ராத்திரி, ஜிகினா உடுத்திய ஜனங்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார்கள். இங்கே சாலிகிராமத்தில் பால் பாக்கெட் போடுகிறவன் இப்போதுதான் படியிறங்கிப் போனான். ஸ்பானிஷ் பாட்டுக்கென்று வருஷா வருஷம் கொடுக்கிற விருதாம், அதில் வெப்பமண்டல ஆல்பத்துக்கென்று தனியாக ஒன்று உண்டாம், மகள் ரஞ்சனிதான் சொன்னாள், உன் பாட்டு போட்டியில இருக்கும்மா என்று சிரித்துக்கொண்டே. வெப்பமண்டலம். பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. பூமத்திய ரேகைக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் வியர்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் வெப்பமண்டலத்துக்காரர்கள், அப்படிப் பார்த்தால் சென்னையும் அதற்குள்தான் வருகிறது, கோடம்பாக்கத்துப் பாட்டையெல்லாம் மூட்டை கட்டி அனுப்பினால் அத்தனைக்கும் விருது கொடுத்துத்தான் தீரவேண்டும். ஆனால் அங்கே அதற்கு அர்த்தம் வேறாம், சல்சா, கும்பியா, மெரெங்கே, கடலோரத்து ஆட்டப் பாட்டு, தும்பா இல்லாமல் நடக்காத பாட்டு. தும்பா என்ற இடத்தில் கீரை உருவும் கை நின்றது. ஜெயபால் அதைத்தான் வாசித்தார். இடுப்பு உயரத்துக்கு நின்று வயிறு பெருத்த அந்தத் தோல் வாத்தியத்தை மற்ற ஊரெல்லாம் காங்கா என்று சொல்லட்டும், கோடம்பாக்கத்தில் அதற்குப் பேர் தும்பா, அவருக்குப் பேர் தும்பா ஜெயபால், இவளுக்குத் தும்பாக்காரர் வீட்டம்மா. எல்லா வாத்தியத்தையும் ஒரு கீபோர்டுக்குள் அடக்கிவிட்ட பிறகு, பம்பாய் ஏஜெண்டு மூலமாக உல்லாசக் கப்பலின் வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்து போனார். ரஞ்சனி அப்போது மூணாவது. ஜோடித் தும்பாவில் பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதை விட்டுவிட்டுப் போனார், ஒன்றுக்குத்தான் கப்பலில் இடமாம். போயிட்டு வரேன் என்றார். கார்த்தஹேனா என்ற துறைமுகத்தில் இறங்கியவர் கப்பல் கிளம்பும்போது ஏறவில்லை என்று ஏஜெண்டு போனில் சொன்னார், ஊர்ப் பேரை மூன்று விதமாகச் சொன்னார், மூன்றும் தப்பு. அவ்வளவுதான் தகவல். இறங்கினார், ஏறவில்லை. இப்போது ரஞ்சனிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையில் அவர் பேருக்கு முன்னால் ஒரு வார்த்தை போடுவதா வேண்டாமா என்று இன்று காலை கோமளா பதில் சொல்லியாக வேண்டும். காம்பைக் கிள்ளி ஒதுக்கினாள்.

அந்தப் பாட்டு வீட்டுக்குள் வந்தது ரஞ்சனி உடம்பை இளைக்கப் போய். ஜூம்பா வகுப்பில் சேர்ந்திருந்தாள், ஒருநாள் கூடத்து நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கோமளா குளியலறையில் துணிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். டிரம்பெட் எல்லாம் சடாரென்று நின்று தும்பா மட்டும் தனியாக வரப்போகிற ஒரு இடம். அடி விழுவதற்கு முன்னால், மைக்குக்கு வெகு தூரத்தில் ஓர் ஆம்பிளைக் குரல், வா. கோமளா சோப்புக் கையோடு எழுந்து, இதோ வரேன் என்றாள். ரஞ்சனி எட்டிப் பார்த்து, "யாரும்மா கூப்ட்டா?" என்றாள். "நீதானே?" "நான் எங்க கூப்ட்டேன்?" சோப்பு நுரை முழங்கையில் வழிந்து காய்கிற வரைக்கும் கோமளா அங்கேயே நின்றாள். வாசிக்க ஆரம்பிக்குமுன் தும்பாவைப் பார்த்து வா என்று சொல்வது ஜெயபாலின் பழக்கம். கன்றுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, அடித்தொண்டையில், தனக்கே தெரியாமல். ரெகார்டிங் தியேட்டரில் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையில் அடித்துக்கொள்வார், ஜெயபால், தும்பாவைக் கூப்பிடாதய்யா, அது இங்கதான் இருக்கு என்பார், டேக் வீணாகும், எல்லாரும் சிரிப்பார்கள், அடுத்த டேக்கிலும் வா. கோரஸ் பாட வந்திருந்த கோமளாவும் சிரித்தாள், அப்படித்தான் அவரை முதலில் பார்த்தாள், அது எங்கே போய் முடிந்தது. வேறு யாருக்கு இருக்கும் அந்தப் பழக்கம்? ரஞ்சனியிடம் பாட்டைத் திரும்பப் போடச் சொல்லி, ஒன்றுமே தெரியாதவள் மாதிரி, "இந்த எடத்துல என்னடி சொல்றான்?" என்றாள். ரஞ்சனிக்குக் கந்தன்சாவடி கம்பெனியில் ராத்திரி ஷிப்டு, மெக்சிகோக்காரனும் பெரு நாட்டுக்காரனும் வாஷிங் மெஷின் ஓடவில்லை என்று போன் போட்டுத் திட்டினால் அவன் ஸ்பானிஷ் பாஷையிலேயே சமாதானம் சொல்கிற வேலை. "வா-ன்னா போறான்னு அர்த்தம்மா. இந்தா போவுதுன்னு ஒரு குஷிக்குச் சொல்றது." போகிறான். வா என்றால் போகிறான். ஒரே சத்தம்தான், இந்தப் பக்கம் நின்று கேட்டால் கூப்பிடுகிறது, அந்தப் பக்கம் நின்று கேட்டால் கிளம்புகிறது. இப்படியும் ஒரு பாஷை உண்டா என்று முதலில் எரிச்சலாக வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் நம் பாஷை மட்டும் என்ன வாழ்ந்தது, வாசலில் செருப்பு மாட்டுகிறவர்கள் எல்லாரும் வரேன் என்றுதானே சொல்கிறார்கள், போறேன் என்று யாரும் சொல்வதில்லை, சொல்லக் கூடாது, ஜெயபாலும் வரேன் என்று சொல்லித்தான் போனார், ஆக இங்கேயும் வரேன் என்றால் போகிறேன், இதில் ஸ்பானிஷ்காரனை என்ன குறை சொல்வது. ரஞ்சனிக்கு அன்றைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இந்த வயசில் சல்சா பைத்தியம் என்று அவள் நினைத்துக்கொண்டாள், நினைக்கட்டும். இப்போதும் ஷிப்டு முடிந்து வந்து உள்ளே தூங்குகிறாள். போனின் சத்தத்தைக் கோமளா இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.

பதில் சொன்னதுதான் தப்பு. ஆளைப் பார்க்காமல் வெறும் குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதுவும் முதல் தடவையிலேயே. என்ன என்று கேட்டிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம், வரேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டாள். செத்தவர் கூப்பிட்டு இவள் வரேன் என்றிருந்தால் கூடவே கொண்டுபோய்விடுவார், அந்த வரேன் எப்போது முடியும், கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, பின்னால் என்றால் சரி, பின்னால் என்றால் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், யாரிடம் பேசுவது. உயிரோடு இருக்கிறார் என்றால் அதைவிடக் கொடுமை. உயிரோடு இருக்கிற மனுஷன் ஒரு போன் பண்ணியிருக்க மாட்டாரா, வீட்டு நம்பர் மாறக்கூடாதென்று அந்தப் பழைய நம்பரை இன்னமும் விடாமல் வைத்திருக்கிறாளே. அவர் செத்துப்போயிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் மனசு ஆசைப்படுகிறது, ஆசைப்பட்ட கையோடு வாயைப் பொத்திக்கொள்கிறது, பொத்திய கைக்குள்ளிருந்து மறுபடி ஆசைப்படுகிறது. அந்த நாளுக்குப் பிறகு வீடே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நின்ற குழாயைத் திருகினால் காற்று வெளியே வரும்போது ஒரு வா. குக்கர் விசில் அடங்குகிற கடைசியில் ஒரு வா. லிப்ட் கதவு மூடும்போது. எல்லாம் பிரமை என்று தள்ளிவிடலாம், சின்னத் தும்பாவை எப்படித் தள்ளுவது. படுக்கையறை மூலையில் போர்வை போர்த்தி நிற்கிறது அது, யாரும் தொடாமலே உறுமும். லாரி போனால் உறுமும், மாடியில் மோட்டார் போட்டால் உறுமும், இழுத்துக் கட்டின தோலுக்குப் பக்கத்தில் எது அதிர்ந்தாலும் அதுவும் கூட அதிரும், இதில் பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று ஜெயபாலே சொல்லிக் கொடுத்திருக்கிறார். சரி, ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் இந்தப் பாட்டைப் போட்டால் அது டிரம்பெட்டுக்கு உறுமுவதில்லை, பாடகன் நெஞ்சு வெடிக்கக் கத்துகிற இடத்திலும் உறுமுவதில்லை. வா வந்த பிறகு, அடி விழுவதற்கு முன்னால், ஒரு துளி மௌனம் இருக்கிறதே, அங்கே உறுமுகிறது. ஒருநாள் துணிந்து போர்வையின்மேல் கையை வைத்துப் பார்த்தாள், பூனையின் வயிறு மாதிரி உள்ளங்கையில் துடித்தது. அன்றிலிருந்து அந்த அறையில் படுப்பதை விட்டாள். முதுகுக்குத் தரைதான் நல்லது என்று ரஞ்சனியிடம் சொல்லிவைத்திருக்கிறாள்.

கொழுந்தன் குமரேசன் நேற்று ரஞ்சனி ஷிப்டுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது வந்து காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தான். "அண்ணி, பிரஸ்காரன் காலையில அடிக்க ஆரம்பிச்சுடுவான். தெய்வத்திரு ஜெயபால்னு போட்டுடலாம்." கோமளா, "இல்லாதவர்னு யாரு தம்பி பாத்தது?" என்றாள். "இருக்கிறவர்னு யாரு அண்ணி பாத்தது? வெறும் பேரைப் போட்டா சம்பந்தி வீட்டு ஜனம் மண்டபத்துல அப்பா எங்கேன்னு தேடும். நாம ஆளுக்கு ஒண்ணு சொல்லுவோம்." அவன் கெட்டவன் இல்லை. ரஞ்சனிக்குக் காய்ச்சல் என்றால் ஸ்கூட்டரில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் அவன்தான், அண்ணன் போட்டோவுக்கு மாலை போடாமல் இத்தனை வருஷம் பொறுத்தவனும் அவன்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை அச்சில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. மேடையேறித் தாரை வார்க்கப் போவது குமரேசனும் அவன் பெண்டாட்டியும். கோமளா கீழே, மூணாவது வரிசையில், மின்விசிறிக்கு நேராக, பூ வைக்காத தலையோடு, போகிறவர் வருகிறவரெல்லாம் தோளைத் தொட்டு அழாதீங்க என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போவார்கள். அவள் பெற்றாள், அவள் வளர்த்தாள், கோரஸ் இல்லாத நாளில் ஊறுகாய் போட்டு விற்றும் ராத்திரி ஷிப்டுக்குக் கேப் வரும்வரை வாசலில் நின்றும் ஆளாக்கினாள், தண்ணீர்ச் சொம்பைச் சாய்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் அவள் கை ஆகாது. அந்த வார்த்தை விழாவிட்டால் சொம்பு அவள் கையில். ஆக அவர் உயிரோடு இருந்தாக வேண்டும், கல்யாணம் முடிகிற வரையாவது. ஆனால் செத்தும் இருக்க வேண்டும், இல்லையென்றால் இத்தனை வருஷம் வேண்டுமென்றே வராமல் இருந்திருக்கிறார் என்று ஆகிவிடுமே, அதை எந்தச் சொம்பில் ஊற்றிக் கழுவுவது. "நாளைக்குக் காலையில சொல்றேன் தம்பி" என்றாள் நேற்று. நாளைக்குக் காலை என்பது இதுதான் என்று இப்போது உறைத்தது. ஒருவேளை அந்தப் பாட்டை வாசித்த கோஷ்டி ஜெயித்தால், ஜெயித்து மொத்தப் பேரும் மேடை ஏறினால், தும்பாக்காரன் யாரென்று தெரிந்துவிடும். வேறு யாரோ கறுப்பு மனுஷன் பல்லைக் காட்டிக்கொண்டு வருவான், அவனுக்கும் வா என்று சொல்கிற பழக்கம் இருக்கும், சனியன் விட்டது என்று எழுந்து கீரையை அடுப்பில் போடலாம். காம்பையும் இலையையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

த்ரோபிகால் என்று ஒரு சத்தம் கேட்டது. அது வெப்பமண்டலமாகத்தான் இருக்கவேண்டும். சிவப்பு உடுப்புக்காரி ஒருத்தி உறையைக் கையில் வைத்துக்கொண்டு பேர்களைப் படித்தாள், ஒவ்வொரு பேருக்கும் திரையில் ஓர் ஆல்பத்தின் அட்டை, ஒரு துணுக்குப் பாட்டு. கடைசியாக லோஸ் தெல் முயெயே, துறைமுகத்து ஆளுங்கன்னு அர்த்தம் என்று ரஞ்சனி சொன்ன அதே கோஷ்டி, துணுக்காகப் போட்டது அதே பாட்டு, ஆனால் அந்த இடத்துக்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்கள். கோமளாவின் உடம்பு மட்டும் வெட்டின இடத்தைத் தாண்டிப் போய் வா-வுக்காகக் காத்து நின்றது. உறை கிழிந்தது. சிவப்பு உடுப்புக்காரி துள்ளினாள், முயெயே என்று கத்தினாள், எங்கோ பின்வரிசையிலிருந்து ஏழெட்டுப் பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்கள். கோமளா போனைக் கையில் எடுத்து மூக்குவரை கொண்டுபோனாள். டிரம்பெட்காரன் போலிருக்கிறது, உதடு தடித்திருக்கிறது. இவன் பாடகன். இவள் தலைவி, நரைத்த சுருட்டை முடி, விருதை வாங்கிக் குழந்தையை இடுக்குகிற மாதிரி இடுக்கிக்கொண்டாள். இவன் சின்னப் பையன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், மறுபடி முதலிலிருந்து பார்த்தாள், இல்லை, இல்லை, ஜெயபால் இல்லை. பெருமூச்சு வந்தது, வந்த மூச்சு முழுசாக வெளியே போவதற்குள் அந்தத் தலைவி திரும்பிப் பின்னால் கையைக் காட்டினாள், மேடைக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு போட்டோ விழுந்தது. தொப்பி வைத்த ஒரு கிழவர், தொப்பி நிழலில் பாதி முகம், வெள்ளைத் தாடி, பின்னால் கடல். முகத்தை அவள் பார்க்கவில்லை. தும்பாவை இடது முட்டியில் சாய்த்து, வாசிக்காத கையைத் தோலின்மேல் சும்மா வைத்திருந்தார். ஊரிலே எல்லாரும் நேராக நிறுத்தி வாசிப்பார்கள், முட்டியில் சாய்த்து வாசிக்கிறவர் ஒருவர்தான். கோமளாவுக்குக் கீரை வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, உன் பாட்டு ஜெயிச்சிருச்சா?" ரஞ்சனி கொட்டாவி விட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றாள். கலைந்த தலை, கண்ணில் பாதித் தூக்கம். கோமளா போனை மறைக்கப் பார்த்தாள், அதற்குள் ரஞ்சனி பின்னால் வந்து அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள், நேராகப் போட்டோவைப் பார்த்தாள், கோமளா பக்கவாட்டில் மகளின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒரு கிழவரைப் பார்க்கிற முகம். வீட்டுப் போட்டோவில் இருக்கும் அப்பா மீசை வைத்த கறுப்புத் தலைக்காரர், இவர் யாரோ. "பாவம், செத்துட்டாராம்" என்றாள் ரஞ்சனி. வேலையில் செய்கிற மாதிரியே, கேட்டதை அப்படியே இந்தப் பக்கம் எடுத்து வைத்தாள். "போன மழைக்காலத்துல. ரெகார்டிங் முடிஞ்ச கொஞ்ச நாள்லயாம். இந்த விருது அவருக்குத்தானாம். இண்டியோன்னு சொல்லுது அந்தம்மா, இந்தியாக்காரனோ என்னமோ, அங்க காட்டுவாசிங்களையும் அப்படித்தான் சொல்லுவாங்க. எங்கேருந்து வந்தார்னு யாருக்கும் தெரியாதாம். ஒரு கப்பல் வந்தா கரைக்குப் போய் நின்னு பாப்பாராம், ஏற மாட்டாராம். ஏன்னு கேட்டா, ரொம்ப லேட் ஆயிடுச்சுன்னு சொல்லுவாராம்." லேட் ஆயிடுச்சு. எதற்கு லேட், முதல் வருஷமே லேட்டா, ரெண்டாம் வருஷமா, எந்த வருஷம் வரைக்கும் லேட் ஆகாமல் இருந்தது, கோமளாவுக்குக் கோபம் வந்தது, அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது, அந்தப் போட்டோவைப் பிடித்து உலுக்கிக் கேட்கவேண்டும் போல வந்தது. ரஞ்சனி சொல்லிக்கொண்டே போனாள். "வாசிக்கிறதுக்கு முன்னாடி எப்பவும் வா-ன்னு சொல்லுவாராம். இவங்க எல்லாம் சிரிச்சு, யாரு போறான்னு கேப்பாங்களாம். போறது இல்லை, எங்க பாஷையில அதுக்கு வேற அர்த்தம்னு சொன்னாராம். அவர் பாஷையில வா-ன்னா..." நின்றாள். "வா-ன்னா..." அந்தப் பக்கத்திலிருந்து எடுத்ததை இந்தப் பக்கம் வைக்கப் போனால் இங்கே ஏற்கெனவே அதுவே இருக்கிறது. தோளில் இருந்த தாடை மெல்ல எழுந்தது. "வா-ன்னு அர்த்தமாம்மா" என்றாள். அவள் குரல் மூணாவது படிக்கிற குரலாக இருந்தது. போனுக்குள் தலைவி கையை உயர்த்தி ஏதோ சொன்னாள், அத்தனை பெரிய மண்டபமும் எழுந்து நின்றது, ஜிகினாவும் கோட்டும் பெரியவரும் சின்னவருமாக ஆயிரம் வாய் ஒன்றாகத் திறந்து கத்தியது, வா. மறுபடியும், வா. அவர்கள் அவரை வழியனுப்புகிறார்கள். கோமளாவின் நாக்கு நுனிக்கு வரேன் என்ற அந்தப் பதில் வந்து முட்டியது, பல்லைக் கடித்துக்கொண்டாள், மகளின் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள், மூன்றாவது வா-வும் வந்து அடங்கியது. சொல்லவில்லை.

போட்டோ மறைந்து திரையில் குமரேசன் பேர் எழும்பியது. போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. ரஞ்சனிதான் விரலால் தள்ளினாள். "அண்ணி, பிரஸ்லதான் நிக்கிறேன். என்ன சொல்றீங்க, அந்த வார்த்தையப் போட்டுடட்டுமா?" கோமளா வாயைத் திறந்தாள். சொல்லவேண்டியது என்னவென்று இப்போது தெரியும், உண்மை தெரிந்துவிட்டது, உண்மையைச் சொன்னால் சொம்பு போய்விடும். ரஞ்சனி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கழுத்துத் தாலியைப் பார்த்தாள், முறத்தைப் பார்த்தாள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். "சித்தப்பா, நான் ரஞ்சனி. அது வேண்டாம், வெறும் பேரைப் போடுங்க. அம்மாதான் தாரை வார்க்கும்." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னான், அப்பா எங்கேன்னு கேட்டா என்னம்மா சொல்றது என்று முடித்தான். ரஞ்சனியின் குரல் ஆடவில்லை, யாரோ ஒரு தூரதேசத்துக்காரனுக்குச் சமாதானம் சொல்கிற வேலைக்குரல் அது.

"அப்பா கப்பல்லதான் இருக்காரு சித்தப்பா. லீவு கிடைக்கலைன்னு சொல்லுங்க."